பெரம்பூர் மொட்டைமாடியில் கம்பளி காயும் மாதங்கள்

ஃபெல்ட், அதாவது நெய்யாமல் இழைகளைச் சிக்கவைத்தே ஆக்கும் துணி; அதில் வேலை செய்கிறேன் என்று சொன்னால் சென்னையில் முதலில் வரும் கேள்வி, "இந்த ஊர் வெயிலுக்குக் கம்பளியா?" என்பதுதான். நியாயமான கேள்வி. இந்த வேலையைச் சொல்லித்தரும் காணொளிகள் பெரும்பாலும் குளிர் நாடுகளிலிருந்து வருகின்றன. இலை உதிரும் காலத்தில் பூசணி, பனிக்காலத்தில் பனிமனிதன், வசந்தத்தில் முயல் என்று அங்கே ஒரு வரிசை உண்டு. அதே வரிசையை எடுத்துக்கொண்டு பெரம்பூரில் உட்கார்ந்தால் செய்த பொருள் காயாது, வாங்கவும் ஆள் வராது. பல வருடம் இதையே செய்துவந்ததில், இந்த ஊரின் வெயில், மழை, பண்டிகை மூன்றையும் வைத்து வருடத்தைப் பிரித்துக்கொள்வதுதான் வழி என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். அப்படிப் பிரித்துக்கொண்டால் கம்பளி இங்கேயும் நன்றாகவே ஒத்துழைக்கிறது.

கடையில் ஃபெல்ட் என்று கேட்டால் கிடைப்பது வேறு, கம்பளி ஃபெல்ட் வேறு. ஸ்டேஷனரி கடையில் தாள் அளவில் வண்ணவண்ணமாக அடுக்கி வைத்திருப்பது பாலியெஸ்டர் அல்லது அக்ரிலிக். இழைகளை இயந்திர ஊசிகளால் குத்திக் குத்தித் துணியாக்கியது. வெட்டினால் ஓரம் பிரியாது, மடித்து அடிக்க வேண்டியதில்லை, விலையும் குறைவு. பொம்மைக்கும் தோரணத்துக்கும் இதுவே போதும். கம்பளி ஃபெல்ட் செம்மறியாட்டு முடியில் செய்வது. அந்த முடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் ஒரே திசையில் அடுக்காக இருக்கின்றன. சூடும் ஈரமும் சோப்பும் பட்டு, தேய்த்துக்கொண்டே இருந்தால் முடிகள் ஒன்றுக்குள் ஒன்று நகர்ந்து சிக்கிக்கொள்ளும். செதில்கள் பின்னால் போக விடாது என்பதால் அந்தச் சிக்கு பிரியாது. ஸ்வெட்டரை வாஷிங் மெஷினில் வெந்நீரில் போட்டால் குழந்தைக்குப் போடும் அளவுக்குச் சுருங்குவதும் இதனால்தான்.

வாங்கிய துணி எந்த வகை என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து ஒரு இழை பிய்த்து, தொட்டி மேலே இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் தலைமுடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் நொறுங்கும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். "ப்யூர் வுல்" என்று சொல்லி விற்கிற இடத்திலும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டுத்தான் மொத்தமாக வாங்குவேன்.

சென்னையைச் சுற்றி இவ்வளவு ஆடு மேய்கிறதே, அந்த முடி ஆகாதா என்று வகுப்புக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் நாம் பார்க்கும் செம்பழுப்பு ஆடு மெட்ராஸ் ரெட் என்ற இனம். அதன் உடம்பில் இருப்பது குட்டையான ரோமம், கம்பளி இல்லை. மேச்சேரி ஆடும் அப்படித்தான். தமிழ்நாட்டில் மெல்லிய கம்பளி தரும் இனம் நீலகிரி ஆடு. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் அந்த இனத்தைப் பாதுகாக்கிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டுப் பண்ணையில் பாரத் மெரினோ என்ற கம்பளி ஆட்டினத்தை வளர்க்கிறார்கள். மன்னவனூர் புல்வெளியைச் சுற்றுலாவாகப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், அந்த ஆடுகளின் முடியைக் கையில் தொட்டுப் பார்க்கக் கிடைத்தால் தவற விடாதீர்கள். நாம் பாக்கெட்டில் வாங்கும் சீவிய கம்பளி எங்கிருந்து தொடங்குகிறது என்று விரலுக்குப் புரியும்.

சரி, மாதங்களுக்கு வருகிறேன்.

என் வேலை வருடம் சித்திரையில் தொடங்குகிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை வெட் ஃபெல்டிங், அதாவது தண்ணீரும் சோப்பும் போட்டுச் செய்கிற வேலை. அக்னி நட்சத்திரத்தில் கம்பளி வேலையா என்று வீட்டிலேயே கேட்பார்கள். ஆனால் அந்த வெயில்தான் எனக்கு வேண்டும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டும் தொட்டால் காய்ந்ததுபோலவே இருக்கும். அந்த உள் ஈரம் போகாமல் மூட்டை கட்டினால் வாடை பிடிக்கும், அப்புறம் பூஞ்சை. மே மாதத்து மொட்டைமாடியில் கனமான விரிப்புகூடச் சாயங்காலத்துக்குள் உள்வரை காய்ந்துவிடும். அதோடு கை தண்ணீரில் இருப்பதால் உடம்புக்கும் இதம். கம்பளியை ஊசியால் குத்தி உருவம் பிடிக்கிற வேலைக்கு மே மாதம் கொஞ்சமும் ஆகாது. விரல் வியர்வையில் இழை ஒட்டிக்கொள்ளும். ஃபேன் போட்டால் கம்பளி கூடமெல்லாம் பறக்கும்.

முறையைச் சொல்லிவிடுகிறேன். அடியில் ஒரு துண்டு கோரைப்பாய். மேலே கம்பளியை மெல்லிய இழைகளாகப் பிரித்து, முதல் அடுக்கு நெடுக்காக, அடுத்தது குறுக்காக, மறுபடி நெடுக்காக. நான்கு மெல்லிய அடுக்கு, இரண்டு தடித்த அடுக்கைவிட எப்போதும் நல்லது. மேலே ஒரு பழைய நெட் துணி. வெதுவெதுப்பான தண்ணீரில் பார் சோப்பைச் சீவிக் கரைத்துத் தெளித்து, முதலில் உள்ளங்கையால் அழுத்த மட்டும் வேண்டும். இழை நனைந்து படியும் முன்னாலேயே தேய்த்தால் அடுக்கு நகர்ந்து ஓட்டை விழும். படிந்த பிறகு வட்டமாக மெதுவாகத் தேய்த்து, மேல் தோல் பிடித்ததும் பாயோடு சுருட்டி உருட்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் கால்வாசி திருப்பி வைத்து, நான்கு பக்கமும் உருட்ட வேண்டும். எந்தத் திசையில் உருட்டுகிறோமோ அந்தத் திசையில்தான் சுருங்கும். காஷ்மீரத்து நம்தா விரிப்புக்காரர்களும் பாயில் சுருட்டித்தான் உருட்டுகிறார்கள். அளவு குறைவதை முதலிலேயே கணக்கில் வையுங்கள்: அடுக்கும்போது இருந்த நீள அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்று நினைத்து அடுக்கினால் பெரும்பாலும் சரியாக வரும். கம்பளிக்குக் கம்பளி இது மாறும். அதனால் ஒரு சாண் சதுரத்தில் மாதிரி செய்து அளந்து பார்க்காமல் பெரிய வேலையில் இறங்க வேண்டாம்.

தண்ணீர் விஷயம் எந்தக் காணொளியிலும் வராது, சென்னையில் இதுதான் முக்கியம். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, மேலும் மேலும் கரைத்து ஊற்றத் தோன்றும், கடைசியில் அலசியும் சோப்பு போகாது. மெட்ரோ தண்ணீர் பிடித்து வைத்த நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அலசலில் ஒரு பக்கெட்டுக்கு ஒரு குழிக்கரண்டி வினிகர் ஊற்றினால் மிச்ச சோப்பின் காரம் முறிந்து கம்பளி மறுபடி மிருதுவாகும். செய்து முடித்த பொருளைப் பின்னாளில் துவைக்கப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் போதும். நம் வீடுகளில் பட்டுக்குச் செய்வதுதான்.

மாடியில் காயப் போடும்போது மேலே ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்துங்கள். நேர் வெயிலில் சாயம் வெளுக்கும். இன்னொரு காரணம் காக்கை. கோடையில் அவை கூடு கட்டும். தளர்வாக இருக்கும் கம்பளியை அலகால் பிடித்து இழுத்துக்கொண்டு போவதை எங்கள் மாடியில் வருடா வருடம் பார்க்கிறேன். அவற்றுக்காகவே கத்தரித்த துண்டுக் கம்பளியைக் கைப்பிடிச் சுவரில் ஒரு ஓரமாக வைத்துவிடுவேன். வெறும் கம்பளியாக மட்டும் வைக்க வேண்டும். நீள நூலோ நைலானோ கலந்தால் குஞ்சுகளின் காலில் சுற்றிக்கொள்ளும்.

ஆடி பிறந்தால் கொலு வேலை. எனக்கு வருடத்திலேயே பிடித்த காலம் இதுதான். இதைப்பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல ஆசை.

கொலுவில் செட்டியார் பொம்மை வைக்காத வீடு குறைவு. செட்டியாரும் ஆச்சியும் உட்கார்ந்திருப்பார்கள், முன்னால் அரிசி, பருப்பு, உப்பு, மிளகு என்று சிறு கிண்ணங்களில் கடை பரப்புவது வழக்கம். தானியத்துக்குப் பஞ்சமில்லை, காய்கறிதான் ஒன்பது நாள் தாங்காது. அங்கேதான் ஃபெல்ட் உள்ளே வந்தது. முதலில் தக்காளியும் கேரட்டும் செய்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஒரு வருடம் மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஏம்மா, முருங்கக்காய் இல்லாம ஒரு காய்கறிக் கடையா?" என்று கேட்டார். அன்றைக்கே உட்கார்ந்து வரைந்தேன். அதன்பின் எங்கள் தட்டில் வாழைப்பூ, புடலங்காய், பாகற்காய், வெண்டைக்காய், கத்தரிக்காய் எல்லாம் வந்தன. பார்க்கிறவர்கள் இரண்டாவது தடவை நின்று பார்ப்பது இவற்றைத்தான். கேரட் எந்த நாட்டிலும் கிடைக்கும். வாழைப்பூவை ஃபெல்ட்டில் பார்க்கும்போது பெரியவர்கள் கையில் எடுத்து மடலைத் தூக்கி உள்ளே பூ இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

உள்ளே பூ இருக்க வேண்டும். மெரூன் ஃபெல்ட்டில் மூன்று அளவில் இலை வடிவ மடல்கள் வெட்டி, நடுவில் பஞ்சு அடைத்த ஒரு கூம்பு வைத்து, சிறிய மடலிலிருந்து பெரியதுக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு மடலின் அடியிலும் வெளிர் மஞ்சள் எம்ப்ராய்டரி நூலை விரல் நீளத்துக்குச் சீப்பாக வைத்து, நுனியில் ஒரு முடிச்சு. மடலை அடியில் மட்டும் தையுங்கள், மேலே திறந்து விடுங்கள். வெண்டைக்காய்க்கு ஐந்து விளிம்பு. அதனால் ஐந்து நீளத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தால்தான் வெண்டைக்காயாகத் தெரியும், நான்கு வைத்தால் பச்சைமிளகாய் மாதிரி ஆகிவிடும். முருங்கைக்காய்க்கு நீள நாடா ஒன்றை மெல்லிய கம்பி மேல் சுற்றித் தைத்து, உள்ளே விதை புடைத்திருப்பதற்காக இடைவெளி விட்டு நூலால் இறுக்க வேண்டும். கம்பியின் இரு முனையையும் மடக்கி உள்ளே விடாமல் தைக்கக் கூடாது. பாகற்காய்க்கு ஜிக்ஜாக் கத்தரியால் ஓரம் வெட்டிய பட்டைகளை நிறுத்தி வைத்துத் தைத்தால் முள்முள்ளாக வரும். கத்தரிக்காய் எல்லாவற்றிலும் சுலபம். படகு வடிவத் துண்டுகள் ஐந்து, மேலே பச்சையில் நட்சத்திரக் காம்பு.

தையலுக்குப் பிளாங்கெட் ஸ்டிச். சட்டைக்குக் காஜா எடுக்கத் தெரிந்தவர்களுக்கு இது ஏற்கெனவே கையில் இருக்கிறது, இடைவெளி விட்டுப் போட வேண்டியதுதான். ஆங்கர் எம்ப்ராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும். நான் இரண்டு இழை பிரித்துப் போடுகிறேன். மூன்று போட்டால் சிறிய காய்களில் தையல்தான் முன்னால் தெரியும். பஞ்சை ஒரே உருண்டையாகத் திணிக்காமல் சிறுசிறு பிசிறாக, குச்சியின் மழுங்கிய முனையால் ஓரங்களுக்கு முதலில் தள்ளுங்கள். பசை வேண்டாம் என்று வகுப்பில் அழுத்திச் சொல்வேன். க்ளூ கன் பசை வெயிலில் நிற்கும் காருக்குள் இளகிவிடும், நம்மிடம் வாங்குகிறவர்களில் நிறையப் பேர் காரில் தொங்கவிடத்தான் கேட்கிறார்கள். வெள்ளைப் பசை காய்ந்தால் ஃபெல்ட் அட்டையாகி மஞ்சள் கறை விடும்.

அளவு இன்னொரு முக்கியமான விஷயம். செட்டியார் பொம்மை ஒரு அடி உயரம் என்றால் கத்தரிக்காய் கட்டைவிரல் நுனி அளவுக்கு மேல் போகக் கூடாது. ஆர்டர் கொடுக்கிறவர்களிடம் பொம்மைக்குப் பக்கத்தில் இஞ்ச் டேப்பை நிறுத்தி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். இதைக் கேட்டு வாங்க ஆரம்பித்த பிறகு "பெரிசா இருக்கே" என்ற பேச்சே வருவதில்லை.

களிமண் பொம்மை செய்யும் கொசப்பேட்டை எங்களுக்குப் பக்கம்தான். அங்கே ஒரு பெரியவர் வேலை செய்வதைப் பார்க்கப் போவேன். ஆவணியில் பிள்ளையார் வேலை நெருக்கடியில் இருக்கும்போதும் அவர் கொலு பொம்மையை அச்சிலிருந்து எடுத்து நிழலில் வைத்திருப்பார். "பண்டிகை வர்றப்ப வேலை செஞ்சா பண்டிகை நமக்கு இல்லம்மா" என்று ஒரு தடவை சொன்னார். நான் விநாயகர் சதுர்த்தியோடு கொலு ஆர்டரை நிறுத்திவிடுவதற்கு அவர்தான் காரணம். நவராத்திரிக்கு நான் மற்ற வீட்டுக் கொலு பார்க்கப் போக வேண்டும். அண்ணா சாலை பூம்புகார் கைவினைக் கடையில் வருடந்தோறும் கொலு பொம்மைக் கண்காட்சி நடக்கும். அங்கே ஒரு முழு மதியம் நின்று மூலைகளில் இருக்கும் சின்னப் பொம்மைகளையும், அவை கட்டியிருக்கும் சேலை நிறங்களையும் நோட்டில் எழுதிக்கொள்வேன். அடுத்த வருடத்து நிறம் முழுக்க அதிலிருந்துதான் வருகிறது.

விளக்கைப்பற்றி ஒரு வார்த்தை. கம்பளி சட்டென்று பற்றாது, நெருப்பை எடுத்தால் தானே அணைந்துவிடும். செயற்கை ஃபெல்ட் உருகிச் சொட்டும். கொலுப்படியிலும் கார்த்திகை அகல் பக்கத்திலும் ஃபெல்ட் பொருள் எதையும் கைக்கெட்டும் தூரத்துக்குள் வைக்காதீர்கள். விற்கும்போது நான் இதை ஒரு சீட்டில் தமிழில் எழுதி வைத்துக் கொடுக்கிறேன். கார்த்திகைக்கு ஃபெல்ட்டில் அகல் செய்து தரச் சொல்லிக் கேட்பவர்களுக்கு, சுடர் உட்பட எல்லாமே துணியாக இருக்கும் தோரணம் மட்டும் செய்வேன். மேலே நிஜ விளக்கு வைக்கிற மாதிரி எதையும் செய்ய மாட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்தால் தண்ணீர் வேலை முழுக்க நிற்கும். சென்னைக்கு வருடத்து மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. காற்றிலேயே ஈரம் நிற்கும். இது நீடில் ஃபெல்டிங், அதாவது கம்பளியை ஊசியால் குத்திக் குத்தி உருவமாக்குகிற வேலைக்கான காலம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் ஃபேன் தேவைப்படாது, இழை பறக்காது.

ஊசி சாதாரண ஊசி இல்லை. முக்கோணப் பட்டை, விளிம்புகளில் கீழ்நோக்கிய சின்ன வெட்டுகள். உள்ளே போகும்போது இழையை இழுத்துக்கொண்டு போகும், வெளியே வரும்போது விட்டுவிட்டு வரும். எண் கூடக் கூட ஊசி மெல்லியதாகும். உருவம் பிடிக்க 36, நடு வேலைக்கு 38, மேல் தோலை மழமழவென்று ஆக்க 40. ஊசி உடைவதற்குப் பெரும்பாலும் காரணம், குத்திய கோணத்தை விட்டு வேறு கோணத்தில் இழுப்பது. நேராக உள்ளே போனால் நேராக வெளியே. "அக்கா, எவ்வளவு குத்தினா போதும்?" என்று வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். கட்டைவிரலால் அழுத்திப் பார், பள்ளம் விழுந்து மீண்டு வந்தால் போதாது, விழவே மறுத்தால் போதும் என்று சொன்னேன். அடியில் வைக்கும் ஸ்பாஞ்ச் நடுவில் குழிந்துவிட்டால் உடனே மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஊசி மேஜையில் இடித்து நுனி போகும். சாக்குத் துணிப் பையில் அரிசி அடைத்து வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. நன்றாகத்தான் இருக்கும். நம் ஊரில் வண்டு வைக்கும் என்பதால் அவ்வப்போது அரிசியைக் கொட்டி வெயிலில் காயப்போட வேண்டும். வேலை செய்யும்போது கண்ணைத் தொலைக்காட்சிக்குக் கொடுக்காதீர்கள். அந்த ஊசி விரலில் ஏறினால் ஆழமாகக் கிழிக்கும்.

மழைக்காலத்தில் அந்துப்பூச்சியும் பெரிய கவலை. கம்பளியைத் தின்பது பறக்கும் பூச்சி இல்லை, அதன் புழு. அரிசி நிறத்தில் சின்னதாக, கம்பளி மடிப்புக்குள் கூடு கட்டிக்கொண்டிருக்கும். வேப்பிலை, வசம்பு எல்லாம் வாடையால் பூச்சி வராமல் கொஞ்சம் தடுக்கலாம். உள்ளே இருக்கும் முட்டையும் புழுவும் அதனால் சாகாது. புதுக் கம்பளி வீட்டுக்குள் வந்ததும் கெட்டியான பிளாஸ்டிக் பையில் காற்றை அமுக்கி எடுத்துக் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைப்பேன். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை அப்படியே விட வேண்டும். உடனே திறந்தால் ஈரக் காற்று பட்டுக் கம்பளி நனையும். நாஃப்தலின் உருண்டையைக் குழந்தைகள் கை வைக்கும் பொருளோடு சேர்த்து வைக்க மாட்டேன்.

அப்புறம் வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது, கரண்டும் இல்லை. கம்பளி முழுவதும் பரணில், மூடி போட்ட டப்பாக்களில் இருந்ததால் ஒரு இழை நனையவில்லை. 2015-ஐப் பார்த்த ஊர் இது. தரையோடு ஒட்டிய அலமாரியில் துணியோ நூலோ வைப்பதில்லை என்பதை எங்கள் வீட்டில் வழக்கமாகவே ஆக்கிவிட்டோம். கரண்ட் இல்லாத அந்த இருட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில் வெட்டி மிஞ்சிய ஃபெல்ட் துண்டுகளால் மீன் செய்தார்கள். அவர்களுக்கு ஊசி கொடுக்கவில்லை, ஓட்டை போட்டு நூலைக் கோத்துக் கட்டினார்கள். இப்போது சின்னக் குழந்தைகளுக்கான வகுப்பில் அந்த மீனைத்தான் முதலில் செய்கிறோம்.

கிறிஸ்துமஸ் எங்கள் பகுதியில் பெரிய பண்டிகை. லூர்து மாதா கோயில் இருக்கும் ஊர், ரயில்வே குடும்பங்கள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். மரத்தில் தொங்கவிட நட்சத்திரம், மணி, குடிலுக்குச் சொரூபங்கள் கேட்பார்கள். நான் குடிலில் வைக்கும் ஆட்டுக்குட்டிகளை மட்டும் உண்மைக் கம்பளியில் செய்கிறேன், மற்றதெல்லாம் தாள் ஃபெல்ட். பனிமனிதன் கேட்கிறவர்களுக்குச் செய்து தருவேன், நானாக வைப்பதில்லை. இந்த ஆர்டர்கள் நவம்பர் நடுவிலேயே முடிந்துவிட வேண்டும். டிசம்பர் முதல் வாரம் சென்னையில் எதையும் நம்பி வாக்குக் கொடுக்கக் கூடாத வாரம்.

மார்கழியில் விற்பனைக்கு எதுவும் செய்வதில்லை. விடியற்காலை தெருவில் நடந்து போய்க் கோலம் பார்ப்பதுதான் வேலை. சிக்குக் கோலத்தில் ஒரே கோடு எல்லாப் புள்ளியையும் சுற்றிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே வருகிறதே, அதைக் கம்பளிக் கயிறாகச் செய்ய முடியும் என்று ஒரு மார்கழியில் தோன்றியது. கம்பளியை நீளமாகத் திரித்து, சோப்புத் தண்ணீரில் கோரைப்பாய் மேல் உருட்டினால் உறுதியான கயிறு வரும். கோடையில் உருட்டி வைத்த வெள்ளைக் கயிறு, செங்காவி நிறத் தட்டை ஃபெல்ட், வெள்ளை முடிச்சுகளால் புள்ளி. கயிறு கயிறைக் கடக்கும் இடத்தில் ஒரு முறை மேலே, அடுத்த முறை கீழே விட்டுத் தைத்தால் முழுக் கோலமும் தானாகப் பிடித்துக்கொள்ளும். சுவரில் மாட்டவும், சாப்பாட்டு மேஜையில் சூடான பாத்திரத்துக்கு அடியில் வைக்கவும் ஆகிறது. பாத்திரத்துக்கு என்றால் தட்டை ஃபெல்ட்டும் கயிறும் இரண்டும் கம்பளியாகவே இருக்க வேண்டும்.

வேலை மேஜையில் ஒரு நோட்டு எப்போதும் திறந்திருக்கும். எந்த நாளில் எந்தப் பொருள் காய எவ்வளவு நேரம் எடுத்தது, எந்தக் கடையின் சிவப்பு சாயம் விட்டது, எந்தப் பொருளை யார் எந்த மாதம் கேட்டார்கள் எல்லாம் அதில். சாயச் சோதனை எளிது: ஈர வெள்ளைத் துணியை ஃபெல்ட் மேல் வைத்து அழுத்திப் பத்து நிமிடம் விட்டுப் பார்ப்பது. சிவப்பும் மெரூனும் கறுப்பும் கட்டாயம் பார்க்க வேண்டியவை. சௌகார்பேட்டையில் மொத்தமாக எடுக்கப் போனாலும் முதலில் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துண்டு மட்டும் வாங்கி வந்து பார்த்துவிட்டுத்தான் இரண்டாம் தடவை போகிறேன். அலைச்சல்தான். ஆனால் வெள்ளைப் பஞ்சு மேல் மெரூன் இறங்கிய வாழைப்பூவை எந்தக் குழந்தை கையிலும் கொடுக்க மனம் வராது. மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு என்றால் மணிக் கண், பட்டன் எதுவும் வேண்டாம். கண்ணை நூலிலேயே போட்டுவிடுங்கள்.

விலையில் என் கணக்கு இது: துணி, நூல், பஞ்சு, பை எல்லாம் ஒரு பக்கம்; எடுத்த நேரத்துக்கு, நம் பகுதியில் ஒரு தையல்காரருக்கு மணிக்கு என்ன கிடைக்குமோ அது ஒரு பக்கம்; உடைந்த ஊசி, மாதிரி, போக்குவரத்துக்கு மேலே கொஞ்சம். வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே என்று விலையைக் குறைக்கச் சொல்லும்போது நான் குறைப்பதில்லை. என்னோடு சேர்ந்து வேலை செய்யும் பெண்களுக்கும் இதே கணக்கில்தான் கொடுக்க வேண்டும், நான் குறைத்தால் அது அவர்கள் கையிலிருந்து போகும்.

பொங்கல் முடிந்ததும் தை வெயிலில் எல்லா டப்பாவையும் திறந்து காயவைத்து, நிறவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு மடிப்பையும் விரித்துப் புழு இருக்கிறதா என்று பார்த்து மூடுவோம். மாசி, பங்குனியில் வகுப்புகள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த இரண்டு மாதத்தில் வந்தால் நல்லது. ஈரமும் குறைவு, சூடும் இன்னும் ஏறியிருக்காது.

வாங்க வேண்டியது அதிகமில்லை. ஒரு மில்லிமீட்டர் ஃபெல்ட் தாளில் ஊதா, பச்சை, மெரூன், வெளிர் மஞ்சள். அதே நிறங்களில் எம்ப்ராய்டரி நூல். நல்ல கூர்மையான கத்தரிக்கோல் ஒன்று, அதைத் தாள் வெட்டப் பயன்படுத்தாமல் தனியாக வைக்க வேண்டும். பாலியெஸ்டர் பஞ்சு கால் கிலோ. வடிவத்தை பட்டர் பேப்பரில் வரைந்து ஃபெல்ட் மேல் குண்டூசியால் பிடித்துக் காகிதத்தோடு சேர்த்து வெட்டுங்கள். பேனாவால் ஃபெல்ட்டில் வரைந்தால் கோடு போகாது. இஸ்திரி போட வேண்டுமென்றால் மேலே காட்டன் துணி விரித்து மிகக் குறைந்த சூட்டில் வைக்க வேண்டும். கம்பளியும் ஃபெல்டிங் ஊசியும் இப்போது வேண்டாம். கத்தரிக்காய் ஒரு கூடை நிறையச் செய்து கை பழகியதும், சித்திரையில் ஐம்பது கிராம் வெள்ளைக் கம்பளி வாங்குங்கள். சாயம் ஏறாத வெள்ளையில் தொடங்கினால் சோப்பு போய்விட்டதா, இழை எங்கே மெலிந்திருக்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.